பச்சை வண்டியை மறித்த நாட்கள்

செஞ்சியில் திருவண்ணாமலைச் சாலையைக் கடக்க வேண்டுமானால் கையைக் காட்ட வேண்டும். வேறு வழி இல்லை. சிக்னல் கிடையாது. நாற்சந்தியில் ஒரு கம்பத்தில் மஞ்சள் விளக்கு ஒன்றை மாட்டினார்கள். அது எரிகிற நாளிலும் அதை நம்பி யாரும் கால் எடுத்து வைத்ததில்லை. பேருந்து நிலையத்துக்குச் சற்று முன்னால், மருந்துக்கடைக்கு எதிரே, நடந்து கடப்பவர்களுக்கென்று வெள்ளைப் பட்டைகள் போட்டிருந்தார்கள். நெல் ஏற்றிக்கொண்டு மார்க்கெட் கமிட்டிக்குப் போகும் டிராக்டர்கள் ஒரே அறுவடையில் அவற்றைத் தேய்த்துவிட்டன. மிஞ்சியது கைதான்.

அந்தக் கைக்கும் ஓர் அளவு இருக்கிறது. உள்ளங்கையை வண்டிப் பக்கம் திருப்பி, மார்புக்குச் சற்றுக் கீழே பிடிக்க வேண்டும். தோளுக்கு மேலே தூக்கினால் பஸ்ஸில் ஏறப் போகிறவர் என்று நினைத்துக் கண்டக்டர் விசில் அடிப்பார். மிகவும் தாழ்த்தினால் யார் கண்ணிலும் படாது. சிங்கவரத்திலிருந்து கடைத்தெருவுக்கு வரும் பெண்கள் கூட்டமாகக் கடப்பார்கள். ஒருத்தி கையைக் காட்டுவாள். மற்றவர்கள் சாலையைப் பார்க்காமல் அவள் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு பின்னால் போவார்கள். மேல்மலையனூருக்கு அமாவாசைக் கூட்டம் போகிற நாட்களில் அந்த ஒருத்திக்கும் தைரியம் போய்விடும். இன்னும் நாலு பேர் சேரட்டும் என்று எல்லோரும் ஓரத்தில் நிற்பார்கள்.

கையைவிடப் பெரிய விஷயம் கண். ஓட்டுநரின் கண்ணைப் பார்த்துவிட்டால் நாம் தோற்றோம். இந்த ஆள் நம்மைப் பார்த்துவிட்டான், நின்றுகொள்வான் என்று முடிவு செய்து அவர் வேகத்தைக் கூட்டுவார். பார்க்காமல் நடக்கிறவனுக்குத்தான் பிரேக் விழும். காது கேட்காதவன், கண் தெரியாதவன், குடித்தவன், மாடு. இவர்களுக்காக எங்கள் ஊரில் எல்லா வண்டியும் நிற்கும்.

இந்த வித்தையைப் பல வருடங்கள் என் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பயன்படுத்தினேன். வயதான காலத்தில் வேறொன்றுக்குப் பயன்படுத்தினேன். ஒரு மனிதரை, அவர் ஓட்டிய வண்டியிலிருந்து இறக்க வேண்டும் என்று தீர்மானித்து, இறக்கியும் விட்டேன். அவருக்கு அந்த வண்டிதான் பிழைப்பு. அது தெரிந்துதான் செய்தேன்.

திருவண்ணாமலையிலிருந்து வந்து திண்டிவனம் போகும் தனியார் பேருந்து அது. பச்சை நிறம். அதன் ஓட்டுநருக்கு ஐம்பதை ஒட்டிய வயது, ஒல்லி, எப்போதும் கழுத்தில் ஒரு வெள்ளைத் துண்டு. அவரை நான் வெறுப்பதற்குக் காரணம் என் மனைவியின் இடுப்பெலும்பு.

பொங்கல் கழிந்த வாரம் இருவரும் கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். மருந்துக்கடை எதிரே நான் முதலில் கடந்துவிட்டேன். அவள் பின்னால் வருகிறாள் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் கீரைக்கட்டும் பையுமாக அந்தப் பக்கமே நின்றுகொண்டிருந்தாள். பச்சை வண்டி வந்தது. அவளைப் பார்த்ததும் ஓட்டுநர் நிறுத்தினார். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து, போங்க என்று கையை அசைத்தார். அவள் வண்டியின் முகப்பைக் கடந்து இந்தப் பக்கம் வெளிப்பட்டபோது, நின்ற பேருந்தை வலப்பக்கமாக முந்திக்கொண்டு ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. அவளைத் தூக்கி அடித்தது. வண்டியில் வந்தவன் ஒரு கணம் காலை ஊன்றி நின்றான், திரும்பிப் பார்த்தான், போய்விட்டான். வண்டி எண்ணை யாரும் பார்க்கவில்லை. ஹெல்மெட் போட்டிருந்ததால் முகமும் தெரியவில்லை.

பேருந்து ஓட்டுநர்தான் குதித்து ஓடி வந்தார். துண்டைச் சுருட்டி அவள் தலைக்கு அடியில் வைத்தார். கண்டக்டரை அனுப்பி ஆட்டோ பிடித்தார். பயணிகள் உள்ளேயிருந்து கத்திக்கொண்டிருந்தார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நான் நீதிமன்றத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். சாலை விபத்து வழக்குகள் எத்தனையோ என் மேசையைக் கடந்து போயிருக்கின்றன. சாட்சி பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, ஒரு வாக்கியத்தை விட்டுவிட்டால் போதும் என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டேன். விசாரிக்க வந்த காவலரிடம் நடந்ததைச் சொன்னேன். பஸ் நின்றது, டிரைவர் கையைக் காட்டி அவளைப் போகச் சொன்னார், அவர் கண்ணாடியில் பின்னால் வருவதைப் பார்க்கவில்லை, அவரை நம்பித்தான் அவள் போனாள். எல்லாம் உண்மை. சாலையின் இந்தப் பக்கம் நான் நின்றுகொண்டு என்ன செய்தேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. காவலர் கேட்கவும் இல்லை.

புதுச்சேரியில் அறுவை சிகிச்சை நடந்தது. எலும்புக்குள் உலோகத்தை வைத்து மூடினார்கள். வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு வாக்கர் வேண்டியிருந்தது, இன்னும் வேண்டியிருக்கிறது. முன்பெல்லாம் காலையில் என்னை எழுப்புவதே அவள் நடமாடும் சத்தம்தான். இப்போது அலுமினியக் கால்கள் தரையில் தட்டும் சத்தம். தட்டும், நிற்கும், பெருமூச்சு, மறுபடி தட்டும். ஒவ்வொரு தட்டலுக்கும் என் உள்ளே ஏதோ ஒன்று பல்லைக் கடித்தது.

மோட்டார் சைக்கிள்காரன் கிடைக்கவில்லை. அவன் கிடைத்திருந்தால் என் கோபம் அவனோடு போயிருக்கும் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கிடைத்தவர் பச்சை வண்டிக்காரர்தான். அவர் தினமும் காலையில் அதே இடத்தில், அதே வெள்ளைத் துண்டோடு வந்தார். ஆட்களுக்காக நிறுத்தினார். கையை அசைத்தார். எதிர்ப்பக்கத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அந்தக் கையைப் பார்ப்பேன். இந்தக் கைதானே என்று நினைப்பேன். நிறுத்தாமல் போயிருந்தால் அவள் ஓரத்திலேயே நின்றிருப்பாள். பெரிய மனதுக்காரன் மாதிரி நிறுத்தி, கைகாட்டி, அவளை எமன் வாயில் அனுப்பிவிட்டு இன்னும் அதே கையால் ஊரை வழிநடத்துகிறானே என்று வயிறு எரியும்.

தனியார் பேருந்துக்காரர்களுக்கு எல்லாமே டைம்தான். செஞ்சி நிலையத்துக்குள் வந்து நிற்க வேண்டிய நேரம் ஒன்று, கிளம்ப வேண்டிய நேரம் ஒன்று. இடையில் நிற்கிற கொஞ்ச நேரத்தில் கூவிக்கூவி ஆள் ஏற்றுவார்கள். உள்ளே வரத் தாமதமானால் அந்த நிற்கிற நேரம்தான் குறையும். கிளம்புகிற நேரம் மாறாது. பின்னால் வேறு கம்பெனி வண்டி உறுமிக்கொண்டு நிற்கும். காலியாகக் கிளம்புகிற வண்டியின் ஆட்களை அது அள்ளிக்கொண்டு போகும். இதைத் தினமும் நடக்க விடுகிற ஓட்டுநரை எந்த முதலாளியும் வைத்துக்கொள்ள மாட்டார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது இதெல்லாம் தானாகக் காதில் விழுந்தது. கத்தி தேடிப் போனவனுக்கு யாரோ கையில் கொண்டுவந்து கொடுத்த மாதிரி இருந்தது.

முதல் நாள் கொஞ்சம் பயந்தேன். பச்சை வண்டி வளைவில் தெரிந்ததும் இறங்கினேன். கையைக் காட்டவில்லை. கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டு, கோயில் பிரகாரத்தில் நடப்பது போல நடந்தேன். பிரேக் கீச்சிட்டது. சாலை நடுவில் நின்றேன். செருப்பைக் கழற்றி, கல் இல்லாத செருப்பிலிருந்து கல்லை உதறினேன். மறுபடி மாட்டிக்கொண்டேன். பின்னால் வண்டிகள் கத்த ஆரம்பித்தன. பச்சை வண்டி மட்டும் ஹாரன் அடிக்கவில்லை. அது எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

அன்றைக்குச் சாப்பாடு ருசித்தது. அவளுக்கு விபத்து நடந்த பிறகு முதல்முறையாக ருசித்தது. அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பிறகு தினமும் போனேன். மழை நாளில் குடையை விரிக்க முடியாதவன் போல நடுச்சாலையில் தடுமாறினேன். ஒரு நாள் எலுமிச்சம்பழப் பையைத் தவறவிட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். இன்னொரு நாள் பாதி தூரம் போய், எதையோ மறந்துவிட்டவன் போலத் திரும்பி வந்து, மறுபடி நடந்தேன். ஓட்டுநர் ஸ்டியரிங்கில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவர் முகத்தை நான் பார்க்கக் கூடாது. பார்த்தால் வித்தை பலிக்காது. ஆனால் அது வாடியிருக்கும் என்று எனக்குத் தெரியும். பார்க்காமலே அதைப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

டீக்கடைக்காரர் என் நண்பரைப் போன்றவர். அவர்தான் முதலில் கிண்டல் செய்தார்.

“இன்னா சார், இன்னிக்கு சாமி பொறப்பாடு லேட்டா?”

“எந்த சாமி?”

“நீங்கதான். நடு ரோட்ல நின்னு நின்னு அருள்பாலிக்கிறீங்களே. மேளம் ஒண்ணுதான் கொறைச்சல்.”

“வயசாச்சுப்பா. கால் வரலை.”

“கடைக்கு வரும்போது மட்டும் கால் நல்லா வருது,” என்று சொல்லி டம்ளரை என் முன்னால் வைத்தார். அவர் கண்ணில் ஒரு சந்தேகம் இருந்தது. நான் டீயைக் குடித்தேன்.

ஒரு வாரம் போல ஆன பிறகு, பச்சை வண்டி நின்றதும் கண்டக்டர் இறங்கி வந்தார். தொந்தி விழுந்த ஆள். தோள்பையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு என் முழங்கையைப் பிடித்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

“வாங்க பெரியவரே. மெதுவா வாங்க. பாத்து, இங்க பள்ளம் இருக்குது.”

“நானே போவேன்.”

“போவீங்க, போவீங்க. நானும் கூட வரேன், அவ்ளோதான்.”

பேருந்துக்குள்ளிருந்து ஒரு பெண் கத்தினாள்: “யோவ் கண்டக்டர், எங்களுக்கு ஆபீஸு இருக்குதுய்யா! தாத்தாவ வூட்ல கொண்டுபோய் வுட்டுட்டு வாயேன்!”

உள்ளே சிரிப்பு எழுந்தது. கண்டக்டர் திரும்பிப் பார்க்காமல் என்னோடு நடந்தார். நான் நடையை இன்னும் குறைத்தேன். மறுநாளும் அவர் இறங்கினார். அதற்கு மறுநாளும். வண்டியை நிறுத்தி, கண்டக்டரை இறக்கி, என்னைக் கரை சேர்த்து, அவரை ஏற்றி, பிறகு கிளம்ப வேண்டும். நான் கேட்காமலே எனக்கு இரண்டு மடங்கு தாமதம் கிடைத்தது. பயந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். கோர்ட்டில் வேலை பார்த்த ஆள், இடித்துவிட்டால் வழக்கு என்று பயந்து, தாங்குகிறார்கள். அவர்கள் பயம் என் வெற்றி. முழங்கையைப் பிடித்த அந்தக் கையின் வெதுவெதுப்பைக்கூட நான் அப்படித்தான் படித்தேன்.

ஒரு காலை பச்சை வண்டி வந்தது. வழக்கம் போலத் தரையைப் பார்த்துக்கொண்டு இறங்கினேன். பிரேக் சத்தம் கேட்கவில்லை. ஏர் ஹாரன் என் காதைக் கிழித்தது. நிமிர்ந்தபோது பச்சை முகப்பு என் மேல் ஏறிக்கொண்டிருந்தது. எப்படிப் பின்னால் பாய்ந்தேன் என்று தெரியாது. டீக்கடையின் தண்ணீர் டிரம்மில் போய் மோதி விழுந்தேன். முழங்கை சிராய்த்து ரத்தம் வந்தது. பேருந்தின் ஜன்னலில் ஓர் இளைஞனின் முகம் தெரிந்தது. “சாவறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?” என்ற சத்தம் காற்றோடு போயிற்று.

டீக்கடைக்காரர் தூக்கி உட்கார வைத்தார்.

“புது டிரைவர் சார். பழைய ஆள எறக்கிட்டாங்க.”

“ஏன்?”

அவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். “டெய்லி டைம் வுட்டா எந்த ஓனர் சார் வெச்சிருப்பான்?”

ரத்தம் வழிகிற கையோடு எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்குப் போகிற வழியில் சூடாகப் பக்கோடா வாங்கிக்கொண்டேன்.

அவள் வாக்கரை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தாள். “இன்னா விசேஷம்? கையில இன்னா காயம்?” என்றாள்.

சொன்னேன். இத்தனை நாள் மனதுக்குள் அடக்கி வைத்திருந்ததை, பரிசு கொடுப்பவனைப் போல, செருப்பு உதறியதிலிருந்து எலுமிச்சம்பழம் பொறுக்கியது வரைக்கும் சொன்னேன். உனக்காகச் செய்தேன் என்றேன். அவன் இனி அந்த வண்டியில் கையை அசைக்க மாட்டான் என்றேன்.

அவள் வாயில் போட்ட பக்கோடாவை மென்று விழுங்கினாள். பொட்டலத்தை மடித்தாள்.

“அவரு நிறுத்துனாரு,” என்றாள்.

“நிறுத்தித்தானே உன்னை—”

“அவரு நிறுத்துனாரு. கையக் காட்டுனாரு. அப்பவும் நான் நவுரல. பஸ்ஸு மறைக்குதே, அந்தாண்ட இன்னா வருதுன்னு தெரியலையேன்னு நின்னேன். நீங்க இன்னா சொன்னீங்க? எதிர்ல நின்னுக்கினு, ஊரே கேக்கற மாதிரி?”

நான் முழங்கைக் காயத்தைத் துடைத்தேன்.

“சொல்லுங்க. எனக்கு நல்லா காது கேட்டுது. உங்களுக்கு மறந்துபோச்சா?”

மறக்கவில்லை. ‘மரமாட்டம் நின்னுக்கினு இருக்கிறியே, வா வா’ என்று கத்தினேன். வெயில் ஏறிவிட்டது, எனக்கு வீட்டுக்குப் போய்ப் பேப்பர் படிக்க வேண்டும். நான் நின்ற பக்கத்திலிருந்து பேருந்துக்கு வலப்புறம் முழுக்கத் தெரிந்தது. திரும்பியிருந்தால் அந்த மோட்டார் சைக்கிளை அங்கே எல்லோருக்கும் முன்னால் நான் பார்த்திருப்பேன். நான் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், எரிச்சலோடு. காவலரிடம் விட்டுவிட்ட வாக்கியம் அது. பச்சை வண்டிக்காரரை வெறுத்த ஒவ்வொரு நாளும் அந்த வாக்கியத்தின் மேல் உட்கார்ந்துகொண்டுதான் வெறுத்தேன்.

“ஆஸ்பத்திரியிலேயே சொல்லியிருக்கலாம் இல்ல நீ,” என்றேன். என்னிடமிருந்து வந்த முதல் பேச்சு அது. வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் அதுதான் வந்தது.

“நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன்.” குரல் உயரவே இல்லை. “பழி வாங்கறதுன்னா அது நான் வாங்க வேண்டியது. ஒடைஞ்சது என் இடுப்பு. யாரை வாங்கணும்னு எனக்குத் தெரியும். அதையும் நீங்களே எடுத்துக்கினீங்க. எடுத்து, தப்பான ஆள் மேல கொண்டுபோய்ப் போட்டுட்டீங்க.”

வாக்கரை இழுத்துக்கொண்டு எழுந்தாள். சமையலறை வாசலில் நின்று, “அவரைப் போய்ப் பாருங்க,” என்றாள்.

சில நாட்கள் சாக்குச் சொன்னேன். முழங்கைக் காயம், வெயில், முகவரி தெரியாது. அவள் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் “போனீங்களா?” என்று மட்டும் கேட்டாள். டீக்கடைக்காரரிடம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை. கடைசியில் கேட்டபோது அவர் யோசிக்கவே இல்லை. “கமிட்டில குட்டியானை ஓட்டறாரு சார், வாடகைக்கு. இப்ப போனாகூட இருப்பாரு,” என்றார்.

மார்க்கெட் கமிட்டி வளாகத்தில் நெல் குவியல்களுக்கு நடுவே அந்தச் சின்னச் சரக்கு வண்டி நின்றது. ஓட்டுநரே மூட்டைக்குத் தோள் கொடுத்துக்கொண்டிருந்தார். வெள்ளைத் துண்டு தலையில் முண்டாசாக இருந்தது. என்னைப் பார்த்ததும் மூட்டையை இறக்கிவிட்டு ஓடி வந்தார். என் கையைப் பிடித்தார்.

“ஐயா, இங்க எப்படி வந்தீங்க? தனியாவா வந்தீங்க? ரோட்டைத் தாண்டியா வந்தீங்க?”

“எனக்குக் கண் நல்லாத் தெரியும்,” என்றேன்.

அவர் சிரித்தார். குழந்தையிடம் சிரிக்கிற சிரிப்பு. “தெரியும், தெரியும். இப்படி நெழல்ல உக்காருங்க. அம்மா எப்படி இருக்காங்க?”

நின்றபடியே சொன்னேன். எனக்குக் கண் தெரியும், காது கேட்கும், புத்தியும் சரியாகத்தான் இருக்கிறது. உன் டைமைக் கெடுக்கத்தான் தினமும் இறங்கினேன். வேண்டுமென்றே செய்தேன். உன்னை வண்டியிலிருந்து இறக்க வேண்டும் என்று செய்தேன். என் மனைவியைக் கூப்பிட்டது நான். அதைப் போலீஸிடம் சொல்லவில்லை.

என் கையைப் பிடித்திருந்த அவர் கை கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து, விலகியது.

“செருப்பு?” என்றார்.

“அதில் கல் இல்லை.”

“எலுமிச்சம்பழம்?”

“நானாகத்தான் கொட்டினேன்.”

மூட்டை தூக்குகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர் முண்டாசை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். நெல் தூசி முகத்தில் கோடாக இழுபட்டது.

“அந்த அம்மா அடிபட்டதுல இருந்து பெரியவருக்கு மனசு சரியில்ல, அதான் பஸ்ஸு வர்றதுகூடத் தெரியாம நடக்கறாருன்னு நெனச்சேன். ஹாரன் அடிச்சா பயந்துபூடுவீங்கன்னு அடிக்கல. கண்டக்டர்கிட்ட கெஞ்சி, எறங்கிப் போய்க் கையப் புடிச்சு வுட்டுட்டு வாயான்னேன். அவன் என்னைத் திட்டிக்கினேதான் எறங்கினான். ஓனர் கூப்டு கேட்டாரு. ஐயா, அந்த ஆளு அந்த அம்மா வூட்டுக்காரரு, எனக்கு அவர் மேல வண்டிய வுட மனசு வராதுன்னேன். அப்ப நீ எறங்கிக்கோன்னாரு. எறங்கிட்டேன்.” பிறகு கத்தினார்: “எறங்கிட்டேன்யா! உனக்காக!”

அடித்துவிடுவார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. வண்டிக் கதவைத் திறந்து, “ஏறு,” என்றார். “இதை என்கிட்டச் சொல்லி இன்னா? ஓனர்கிட்ட வந்து சொல்லு.”

பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு மெக்கானிக் ஷெட்டை ஒட்டி, கம்பெனியின் சிறிய அறை இருந்தது. முதலாளி உட்கார்ந்திருந்தார். டைம் பார்க்கிறவரும் இரண்டு ஓட்டுநர்களும் வேலையில்லாமல் நின்றுகொண்டிருந்தார்கள். நான் எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன். இந்த மனிதர் மேல் தவறில்லை, தவறு என்னுடையது, இவரை மறுபடி வண்டியில் ஏற்றுங்கள் என்று முடித்தேன். நீதிமன்றத்தில் பிறர் சொல்லக் கேட்டுப் பழகிய வாக்கியங்கள். என் வாயில் கோணலாக வந்தன.

முதலாளி சிரித்தார். நாற்காலி ஆடுகிற அளவுக்குச் சிரித்தார்.

“சார், நீங்க கோர்ட்ல இருந்தவர்னு சொன்னாங்க. நாடகத்துலயும் இருந்தீங்களா?” பிறகு ஓட்டுநர் பக்கம் திரும்பினார். “ஏம்பா, ஒரு கெழவன் ஆக்ட் குடுக்கறதுகூடவா தெரியல உனக்கு? இத்தினி வருஷம் ஸ்டியரிங்கப் புடிச்சு இன்னாத்தக் கத்துக்கின? நாளைக்கு ஒருத்தன் ரோட்ல பாயப் போட்டுப் படுத்தான்னா, போர்வை வாங்கிக் குடுப்பியா?”

நின்றிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். “தாத்தாவுக்குத் தலகாணி அண்ணன்தான் ஸ்பான்சர்!” என்றான் ஒருவன். மறுபடி சிரிப்பு.

அதுவரை அந்த அறையில் பச்சை வண்டிக்காரர் இரக்கப்பட்டு வேலையை இழந்தவர். நான் உண்மையைச் சொன்னதும் ஏமாந்து வேலையை இழந்தவர் ஆகிவிட்டார். முதலாளியின் சிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவருடைய வெள்ளைக் கார் தினமும் எந்த வழியாக வெளியே வரும், எங்கே வேகத்தைக் குறைக்கும் என்று என் மூளை கணக்குப் போட ஆரம்பித்தது. தானாக ஆரம்பித்தது. அதை நிறுத்த, பார்வையைச் சுவருக்குத் திருப்பினேன்.

வெளியே வந்ததும் ஓட்டுநர் வண்டியில் ஏறினார். என்னை ஏறச் சொல்லவில்லை.

“உங்களுக்கு மனசு சரியில்லன்னு நெனச்சுக்கினு மூட்டை தூக்கும்போது வலி தெரியல ஐயா,” என்றார். கத்தாமல்தான் சொன்னார். மரியாதையும் திரும்பி வந்திருந்தது. “ஒரு நல்லது செஞ்சோம், அதுக்குப் போச்சுன்னு இருந்துச்சு. இப்ப அதையும் புடுங்கிக்கினீங்க.”

வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

வீட்டில் அவள் காத்திருந்தாள். “ஏத்திக்கினாங்களா?” என்றாள்.

“இல்லை.”

நடந்ததையெல்லாம் கேட்டாள். முதலாளி சொன்னதை, மற்றவர்கள் சிரித்ததை, தலகாணி என்றதை, ஒன்றையும் விடாமல் சொல்ல வைத்தாள். ஓட்டுநர் கடைசியாகச் சொன்னதை இரண்டு தடவை சொல்லச் சொன்னாள்.

“நாளைக்கும் போங்க,” என்றாள்.

“போய்?”

“இதையேதான். ஓனர்கிட்ட. அங்க யார் யார் இருக்காங்களோ எல்லாரும் கேக்கற மாதிரி. அவரு தப்பா நெனைக்கல, சரியாத்தான் நெனைச்சாரு, கெட்டவன் நான்தான்னு சொல்லுங்க. அவரு திரும்ப அந்த வண்டியில ஏர்ற வரைக்கும் சொல்லுங்க. ரோட்ல தெனமும் போய் நின்னீங்கல்ல, எனக்காக? இது எனக்காக.”

மறுநாள் போனேன். முதலாளி மறுபடி சிரித்தார். அதற்கு அடுத்த நாள் பாதிதான் சிரித்தார். பிறகு என்னைக் கண்டதும் உள்ளே யாரும் இல்லை என்று ஆள் விட்டுச் சொல்ல வைத்தார். நான் வெளியே நின்று, டிக்கெட் கட்டு வாங்க வரும் கண்டக்டர்களிடம் சொன்னேன். என் முழங்கையைப் பிடித்து நடத்திய அந்தத் தொந்திக்காரரும் ஒரு நாள் வந்தார். முழுக்கக் கேட்டார். என் காலருகே துப்பிவிட்டு வண்டிக்குப் போனார்.

மதியம் சாப்பாட்டுக்கு உட்காரும்போது அவள் விசாரிப்பாள். யார் இருந்தார்கள், என்ன சொன்னார்கள், நீங்கள் என்ன சொன்னீர்கள். துப்பியதைச் சொன்ன அன்று இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டாள். ஆறுதலாக ஒரு வார்த்தைகூட அவளிடமிருந்து வந்ததில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. அவள் முறை இது. அவள் ஆளைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறாள்.

பச்சை வண்டியை அந்த இளைஞன்தான் இன்னும் ஓட்டுகிறான். சிங்கவரத்துப் பெண்கள் மருந்துக்கடை எதிரே நெடுநேரம் நிற்கிறார்கள். இன்று காலையும் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். நேரம் வந்தால் பார்க்கலாம் என்றார் முதலாளி. அவர் அப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை. அவளிடம் சொன்னேன்.

“பாக்கலாம்னா ஏத்திக்கினதா அர்த்தம் இல்ல,” என்றாள். “நாளைக்கு சீக்கிரம் போங்க. டைம் கீப்பரும் இருப்பாரு.”